அறிமுகமா, சேர்ந்து செய்த வேலையா? – வாசகர் கேள்வி பதில்

தொழிலில் ஆட்களைத் தெரிந்துகொள்வது பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டோம்.

கேள்வி: சொந்தமாகக் கணக்கு எழுதித் தரும் தொழில் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. தொழில்முனைவோர் கூட்டங்களை ஒன்று விடாமல் போகிறேன். இருநூறு விசிட்டிங் கார்டு சேர்ந்திருக்கிறது. வந்த வேலை இரண்டுதான், இரண்டும் பழைய அலுவலக சகாக்கள் வழியாக. கூட்டங்களை நிறுத்திவிடலாமா?

நிறுத்துவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த இருநூறு பேரையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: ‘இவர் என் வேலையில் எதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்?’ அநேகமாக நூற்றுத் தொண்ணூறு இடங்கள் காலியாகவே இருக்கும். வேலை வராததற்கு அந்தக் காலி இடங்கள்தான் காரணம்.

உங்களைப் பற்றி மூன்றாம் மனிதரிடம் ஒருவர் மூன்று விதமாகப் பேசலாம். ‘இவர் கணக்குப் பார்க்கிறவர்’ என்பது அறிமுகம். ‘நல்லவர், பேசிப் பாருங்கள்’ என்பது பரிந்துரை. சொல்பவர் தன் பெயரைக் கொஞ்சம் பணயம் வைக்கிறார். ‘எங்கள் கணக்கு மூன்று மாதம் குழம்பிக் கிடந்தது, பத்து நாளில் நேராக்கினார், தன் பக்கம் நடந்த ஒரு பிழையையும் அவரே சொன்னார்’ என்பது சாட்சி. மூன்றாவதை, உங்களோடு வேலை செய்யாத யாராலும் சொல்ல முடியாது. உங்கள் பழைய சகாக்களால் முடிந்தது.

எல்லாத் தொழிலுக்கும் சாட்சி தேவையில்லை. தவறான ஆளை எடுத்தால் நஷ்டம் சிறிது, வேலையின் தரம் உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்றால் அறிமுகமே போதும். கணக்கு அப்படிப்பட்டதல்ல. ஒருவர் தன் வரவு செலவு முழுவதையும் திறந்து காட்ட வேண்டும். பிழை இருந்தால் ஆண்டுக் கடைசியில்தான் தெரியும். இப்படிப்பட்ட வேலையை, கைகுலுக்கி ஐந்து நிமிடம் பேசியவரை நம்பி யாரும் தரமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஆகவே கூட்டத்தை மாதம் ஒன்றாகக் குறையுங்கள். மிச்சமாகும் நேரத்தை, உங்கள் வேலை பிறர் கண்ணில் படும் ஓர் இடத்தில் போடுங்கள். ஒரு சங்கத்தில் செயற்குழு உறுப்பினராக இருப்பதைவிடப் பொருளாளராக இருப்பது உங்களுக்கு நூறு மடங்கு உபயோகம். செயற்குழுவில் உங்கள் கருத்தைத்தான் பார்ப்பார்கள். பொருளாளராக இருந்தால், மாதம் ஒரு பக்கத்தில் நீங்கள் தரும் வரவு செலவு அறிக்கையைப் பத்துப் பேர் படிப்பார்கள். அதே நாளில், அதே வடிவத்தில், கூட்டுத்தொகை பிசகாமல் ஆறு மாதம் கொடுத்துவிட்டால் அந்தப் பத்துப் பேரும் உங்களுக்குச் சாட்சி. ஓர் எச்சரிக்கை: இரண்டு முறை தாமதமானால் அதற்கும் அதே பத்துப் பேர் சாட்சி. நேரம் இல்லையென்றால் அந்தப் பொறுப்பை ஏற்காதீர்கள்.

கேள்வி: நெருங்கியவர்களைவிடத் தூரத்துப் பழக்கக்காரர்கள் மூலம்தான் வேலை கிடைக்கும் என்று ஆராய்ச்சியே சொல்கிறதாமே? அப்படியானால் நிறையப் பேரைத் தெரிந்துவைத்துக்கொள்வதுதானே சரி?

ஆராய்ச்சி உண்மை. அதைப் பலரும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரை அது. பாஸ்டன் நகரின் புறநகர் ஒன்றில், அண்மையில் வேலை மாறியவர்களில் தெரிந்தவர் வழியாக வேலை பெற்றவர்களிடம், ‘தகவல் தந்தவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள்?’ என்று கேட்டார். வாரம் இரண்டு முறையாவது பார்த்தோம் என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது, அதாவது வருடத்தில் ஒரு முறைக்கு மேல் ஆனால் வாரம் இரண்டுக்குக் கீழே என்றவர்கள் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ என்றவர்கள் 27.8 சதவீதம். காரணம் எளிது. உங்களோடு தினமும் இருப்பவருக்குத் தெரிந்த செய்தி உங்களுக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். வேறு வட்டத்தில் இருப்பவரிடம்தான் புதுச் செய்தி இருக்கும்.

விட்டுப்போகும் மறு பாதி இது: அந்தத் தூரத்துப் பழக்கக்காரர்கள் யார் என்றும் அவர் எழுதியிருக்கிறார். பலர் கல்லூரிக் கால நண்பர்கள், முன்னாள் சகாக்கள், முன்னாள் முதலாளிகள். இன்று தூரமாகிவிட்டாலும் ஒரு காலத்தில் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள். மேலே கணக்கு எழுதும் வாசகருக்கு நடந்ததும் இதேதான்.

2022இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் இன்னொரு முடிவு வந்தது. தொழில் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் ஐந்தாண்டுகளில் 2 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குக் காட்டிய ‘இவரைத் தெரியுமா’ பரிந்துரைகளை மாற்றி மாற்றிப் பார்த்த பெரிய சோதனை. வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியது ஓரளவு பலவீனமான தொடர்புகள்; மிக நெருங்கியவையும் அல்ல, பெயரளவுக்கு மட்டும் இணைந்தவையும் அல்ல.

இதிலிருந்து செய்ய வேண்டியது: முன்பு உங்களோடு சேர்ந்து வேலை செய்து, இரண்டு வருடத்துக்கு மேல் பேச்சு விட்டுப்போன இருபது பேரின் பட்டியல் எடுங்கள். வாரம் இருவருக்கு எழுதுங்கள். நான்கு வரி போதும்: சேர்ந்து செய்த ஒரு குறிப்பிட்ட வேலையின் நினைவு, இப்போது நீங்கள் செய்வது, அவர் என்ன செய்கிறார் என்ற விசாரிப்பு. முதல் கடிதத்திலேயே உதவி கேட்டால், ‘காரியத்துக்காக வந்திருக்கிறார்’ என்றுதான் தோன்றும். கேட்பது இரண்டாவதில் இருக்கட்டும். புதிதாக இருபது பேரை அறிமுகம் செய்துகொள்வதைவிட இது குறைந்த உழைப்பில் அதிகம் தரும்.

கேள்வி: நான் மொழிபெயர்ப்பாளர். ஒரு நிறுவனத்தின் அதிகாரியை எனக்குத் தெரிந்தவருக்குத் தெரியும். அறிமுகம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. எப்படிக் கேட்பது?

நடுவில் நிற்பவருடைய சிரமத்தையும் சங்கடத்தையும் குறைத்துக் கேட்டால் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அவருக்கு இரண்டு மின்னஞ்சல்கள் அனுப்புங்கள். முதலாவது அவருக்கு மட்டும். யாரை, எதற்காகப் பார்க்க விரும்புகிறீர்கள் என்று சொல்லிவிட்டு, மறுக்க வழி விடுங்கள்: ‘அவரோடு அவ்வளவு பழக்கம் இல்லை என்றாலும், இப்போது வேண்டாம் என்று தோன்றினாலும், தயங்காமல் சொல்லிவிடுங்கள்.’ இந்த வரி மிக முக்கியம். இது இல்லாவிட்டால் அவர் ‘பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டு மௌனமாகிவிடுவார். நீங்கள் ஒரு மாதம் காத்திருப்பீர்கள்.

இரண்டாவது, அவர் ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே முன்னனுப்பக்கூடியது. நூறு சொல்லுக்குள் இருக்கட்டும். மாதிரி:

‘வணக்கம். மருத்துவக் கருவிகளின் பயனர் கையேடுகளை ஏழு ஆண்டுகளாக மொழிபெயர்க்கிறேன். நீங்கள் அண்மையில் வெளியிட்ட கருவியின் கையேட்டைப் படித்தேன். எச்சரிக்கைப் பகுதியில் ஒரே சொல் மூன்று விதமாக மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது, பயன்படுத்துபவர் குழம்பக்கூடும். அந்த இரண்டு பக்கங்களைத் திருத்தி இணைத்திருக்கிறேன். வரும் கையேடுகளுக்கு வெளியார் உதவி தேவைப்படுமா என்று 15 நிமிடம் தொலைபேசியில் பேச விரும்புகிறேன்.’

இதில் வாழ்க்கை வரலாறு இல்லை. கேட்பது ஒன்று, அதற்கு ஆகும் நேரம் தெரிகிறது. எல்லாவற்றையும்விட, அந்த இரண்டு பக்கங்களைப் பாருங்கள்: அறிமுகத்துக்குள்ளேயே ஒரு துண்டு வேலையை வைத்துவிட்டீர்கள். முன்பின் தெரியாத அதிகாரியும் அதைப் படித்த நிமிடத்தில் உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவராகிவிடுகிறார். குறை சொல்லும் வரியில் மட்டும் குரல் உயரக் கூடாது. முன்பு மொழிபெயர்த்தவர் அவர் பக்கத்து மேசையிலேயே இருக்கலாம்.

நடுவில் இருப்பவர், அதிகாரியின் சம்மதத்தைக் கேட்ட பிறகே இருவரையும் ஒரே மின்னஞ்சலில் இணைக்க வேண்டும். கேட்காமல் இணைத்துவிடுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பொதுவான தவறு. பதில் சொல்லும் கட்டாயத்தை முன்பின் தெரியாத ஒருவர் தலையில் கட்டுவது அது. சம்மதம் கேட்டுவிடச் சொல்லி நீங்களே நினைவூட்டலாம், தப்பில்லை.

இணைத்த பிறகு பந்து உங்கள் பக்கம். ஒரே நாளுக்குள் நீங்கள்தான் முதலில் எழுத வேண்டும். முதல் வரியில் அறிமுகம் செய்தவருக்கு நன்றி சொல்லி, அவர் முகவரியைப் பிசிசிக்கு (மற்றவர் கண்ணில் படாத நகல் வரிக்கு) மாற்றிவிடுங்கள். அடுத்து வரும் பத்து மின்னஞ்சல்கள் அவர் பெட்டியை நிரப்பாது. பேச மூன்று நேரங்களைக் குறிப்பிடுங்கள். பேசி முடித்ததும், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அறிமுகம் செய்தவருக்கு இரண்டு வரியில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. தான் வைத்த நம்பிக்கை என்ன ஆனது என்று தெரியாதவர் இரண்டாம் முறை வாய் திறக்கமாட்டார்.

‘ஆலோசனை வேண்டும்’ என்று உள்ளே போய் வேலை கேட்பதும், ஒரே அதிகாரிக்கு இரண்டு பேர் வழியாக ஒரே வாரத்தில் போவதும் காரியத்தைக் கெடுக்கும்.

கேள்வி: நண்பரின் நண்பருக்குத் தெரிந்தவர் ஒருவர் மூலம் பெரிய இடத்தை எட்டலாமா?

எட்டலாம், ஆனால் வழியிலேயே நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். 1969இல் டிராவர்ஸும் மில்கிராமும் வெளியிட்ட சோதனையில், பாஸ்டன் பக்கத்துப் பங்குத் தரகர் ஒருவருக்குத் தெரிந்தவர் தெரிந்தவராகக் கடிதம் கைமாறிப் போக வேண்டும். கிளம்பிய 217 கடிதங்களில் போய்ச் சேர்ந்தவை 64. சேர்ந்தவை சராசரியாக ஐந்து பேர் கைமாறின என்பதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மற்ற 153 கடிதங்களும் நடுவில் யாரோ ஒருவர் அனுப்பாமல் விட்டதால் நின்றவை. நடுவில் ஒருவர் இருக்கும் வழியை மட்டும் நம்புங்கள். இருவர் தேவைப்பட்டால், உங்கள் வேலையோடு நேரடியாக எழுதிவிடுவது மேல்.

கேள்வி: ஒருவரின் வேலையை நான் பார்த்ததே இல்லை. அவர், ‘உங்கள் மேலாளரிடம் என்னைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று நச்சரிக்கிறார். முகத்தை முறிக்காமல் எப்படி மறுப்பது?

உண்மையைச் சொல்லுங்கள்: ‘உங்கள் வேலையை நான் பார்த்ததில்லை. பார்க்காமல் சொன்னால் அவர் கேட்கும் முதல் கேள்விக்கே எனக்குப் பதில் தெரியாது, அது உங்களுக்குத்தான் நஷ்டம்.’ அதோடு விடாமல் ஒரு வழியும் காட்டுங்கள். உங்கள் குழுவில் அரை நாளில் முடியும் சின்ன வேலை ஏதாவது இருந்தால் கூலியோடு கொடுத்துப் பார்க்கலாம். இல்லையென்றால் அவர் ஏற்கெனவே செய்த ஒன்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பிடித்திருந்தால், ‘இவரோடு வேலை செய்ததில்லை, இந்த ஒரு வேலையைப் பார்த்தேன், நன்றாக இருந்தது’ என்று அளந்து சொல்லலாம். அளந்து சொன்ன வார்த்தைக்கு மேலாளர்களிடம் மதிப்பு உண்டு. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லி அந்த ஆள் சொதப்பினால், அடுத்து நீங்கள் நிஜமாகவே நல்லவர் ஒருவரைக் காட்டும்போது உங்கள் சொல் எடுபடாது. அந்த நல்லவருக்குச் செய்யும் அநியாயம் அது.

கேள்வி: ஓப்பன் சோர்ஸ் (நிரலை யாரும் படித்து, மாற்றம் எழுதி அனுப்பக்கூடிய மென்பொருள்) திட்டம் ஒன்றில் சேர்ந்து பெயர் எடுக்கலாம் என்று மூன்று வாரம் உட்கார்ந்து பெரிய மாற்றம் ஒன்றை எழுதி அனுப்பினேன். யாரும் சட்டை செய்யவில்லை. ஆள் தெரிந்தால்தான் அங்கும் நடக்குமோ?

ஆள் தெரிய வேண்டியதில்லை. உங்கள் மாற்றம் பெரிதாக இருந்ததுதான் தடை. அதைப் பார்த்துச் சரி சொல்ல ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் ஐந்தாறு மணி நேரம் செலவழிக்க வேண்டும். அதன் பிறகு அதைப் பல வருடம் பராமரிக்க வேண்டியவரும் அவர்தான். பிழை வந்தால் நீங்கள் இருப்பீர்களா என்று அவருக்குத் தெரியாது. சட்டை செய்யாததுபோல் தோன்றியது உண்மையில் தயக்கம்.

கீழிருந்து வாருங்கள். திட்டத்தின் பங்களிப்பு வழிகாட்டியை முழுக்கப் படித்துவிட்டு, முதல் இரண்டு வாரம் நிரலே எழுத வேண்டாம். பிறர் புகார் செய்த பிழைகளை எடுத்து, உங்கள் கணினியில் அதே பிழை வருகிறதா என்று பாருங்கள். எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், என்ன செய்தால் வருகிறது, எந்தப் பழைய பதிப்பில் வரவில்லை என்று எழுதுங்கள். பராமரிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது; இதைச் செய்ய ஆள் கிடைப்பதும் இல்லை. அப்புறம் ஆவணத்தில் ஒரு திருத்தம், பிறகு இருபது வரிக்குள் முடியும் ஒரு பிழைத்திருத்தம், அதற்கான சோதனையோடு. ஓர் அனுப்புதலில் ஒரே ஒரு மாற்றம். பிழையைத் திருத்தும்போதே பக்கத்து வரிகளின் இடைவெளியை அழகுபடுத்தினால், எது மாற்றம் எது அலங்காரம் என்று பிரிக்க முடியாமல் பார்ப்பவர் ஒதுக்கிவிடுவார்.

பதில் வரவில்லையா? லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு உள்ள வழிகாட்டி, மறுபடி நினைவூட்டுவதற்கு முன் குறைந்தது ஒரு வாரம் காத்திருக்கச் சொல்கிறது. மற்ற இடங்களுக்கும் அது நல்ல அளவு. குறை சொல்லிப் பதில் வந்தால் ஒவ்வொரு குறைக்கும் தனித்தனியே பதில் எழுதுங்கள். ஏற்காததற்குக் காரணம் சொல்லுங்கள். உங்களோடு வேலை செய்ய முடியுமா என்பதை அங்கேதான் பார்க்கிறார்கள்.

அதே லினக்ஸில் ஒரு வழக்கம் உண்டு. பல மாற்றங்களின் கீழே ‘ரிவ்யூடு-பை’, ‘டெஸ்டடு-பை’ என்ற வரிகளில் பெயர்கள் நிற்கும். முதலாவது, நிரலைப் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்னவர். இரண்டாவது, ஓட்டிச் சோதித்தவர். யார் எதைக் கண்டார் என்று பிரித்து எழுதிய சாட்சிப் பட்டியல் அது, அழியாமல் நிற்கும். அப்பாச்சி என்ற அமைப்பின் ஓப்பன் சோர்ஸ் திட்டங்களில், நிரலை நேரடியாகச் சேர்க்கும் உரிமையை ஏற்கெனவே பொறுப்பில் இருப்பவர்கள் வாக்களித்துத் தருகிறார்கள், அதுவரை நீங்கள் செய்ததைப் பார்த்துத்தான். அறிமுகக் கடிதத்துக்கு அங்கே வேலையே இல்லை.

அந்தப் பெரிய மாற்றத்தைத் தூக்கி எறியாதீர்கள். மூன்று மாதம் கழித்து, ஏழெட்டுத் துண்டுகளாக உடைத்து, முதல் துண்டை அனுப்புமுன் ‘இப்படிச் செய்யலாம் என்றிருக்கிறேன்’ என்று திட்டத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான் வடிவமைப்பாளர். ஒரு தொழில் சங்கத்துக்காக வாரம் பத்து மணி நேரம் இலவசமாக உழைக்கிறேன். இரண்டு வருடமாகியும் அதன் வழியாக ஒரு வேலையும் வரவில்லை. சேர்ந்து வேலை செய்தால் தானாக வரும் என்பது பொய்தானே?

‘தானாக’ என்ற பகுதி பொய்.

நீங்கள் செய்வது எது என்று பிரித்துப் பாருங்கள். நாற்காலி ஏற்பாடு, வருகைப்பதிவு, நினைவூட்டல் அனுப்புவது எல்லாம் அவசியமான வேலைகள். ஆனால் அவற்றில் உங்கள் தொழில் திறமை தெரியாது. இரண்டு வருடம் அதைச் செய்த வடிவமைப்பாளரை ‘பொறுப்பானவர்’ என்பார்கள்; ‘நன்றாக வடிவமைப்பார்’ என்று சொல்ல அவர்களிடம் எதுவும் இல்லை. நேரத்தை வாரம் நான்கு மணிக்குக் குறைத்து, அதில் மூன்றையாவது உங்கள் தொழில் சார்ந்த ஒன்றுக்கு மாற்றுங்கள். ஆரம்பம், முடிவு, தரவேண்டியது மூன்றையும் எழுதிக்கொண்டு பொறுப்பேற்கவும். ‘ஆண்டு மலர் வடிவமைப்பு, எட்டு வாரம், 40 பக்கம், இரண்டு சுற்றுத் திருத்தம்’ என்பதுபோல. பழைய வேலைகளைத் திடீரென்று விட்டால் கசப்பு வரும். ஒரு மாத அவகாசம் கொடுத்து, செய்முறையை ஒரு பக்கத்தில் எழுதிக் கையளியுங்கள்.

பிறகு வாய் திறந்து சொல்லவும் வேண்டும். கூடவே வேலை செய்பவர்களில் பாதிப் பேருக்கு நீங்கள் கூலிக்கும் இதைச் செய்வீர்கள் என்பதே தெரியாது. மலர் வெளிவந்த வாரத்தில் இருவரிடமோ மூவரிடமோ, ‘இந்த மாதிரி வேலைகளை எடுத்துச் செய்கிறேன், யாராவது கேட்டால் சொல்லுங்கள்’ என்று ஒரு முறை சொன்னால் போதும். ஆறு மாதம் இப்படி நடந்தும் ஒன்றும் வரவில்லை என்றால், அந்தச் சங்கத்தில் உங்கள் சேவையை வாங்குபவர்கள் இல்லை என்று பொருள். எல்லோரும் உங்கள் தொழிலே செய்பவர்கள் என்றால் இப்படித்தான் ஆகும். வாங்குபவர்கள் கூடும் சங்கத்தைத் தேடுங்கள். சங்கத்தின் மேல் பிரியம் இருந்தால் அந்த நான்கு மணி நேரம் தொடரட்டும், அது வேறு கணக்கு.

கேள்வி: நான் மிகவும் மதிக்கும் ஒருவர் அறிமுகப்படுத்திய நபரோடு பாதிக்குப் பாதி கூட்டுத்தொழில் தொடங்க இருக்கிறேன். பத்திரம் எழுதும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

மதிப்புக்குரியவர் அவரோடு வேலை செய்திருக்கிறாரா, பழகியிருக்கிறாரா? முதலில் இதைக் கேளுங்கள். பழக இனியவராக இருப்பதும் பண விஷயத்தில் நேராக இருப்பதும் வேறு வேறு. கேட்கும்போது ‘எப்படிப்பட்டவர்?’ என்றால் ‘தங்கமானவர்’ என்றுதான் பதில் வரும். ‘கடைசியாக எந்த வேலையைச் சேர்ந்து செய்தீர்கள்? அதில் எது பிசகியது? அப்போது அவர் என்ன செய்தார்?’ என்று கேளுங்கள். பதில் பொதுவாகவே இருந்தால் அவருக்குத் தெரியாது என்று அர்த்தம்.

ஆள் தேர்வு முறைகள் பற்றிய 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து ஷ்மிட்டும் ஹன்டரும் 1998இல் வெளியிட்ட கணக்கில், பிற்கால வேலைத்திறனோடு வேலை மாதிரிச் சோதனைக்கு (அந்த வேலையில் ஒரு பகுதியைச் செய்யவைத்துப் பார்ப்பது) இருந்த தொடர்பு 0.54 (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு), முன்பு தெரிந்தவர்களிடம் விசாரிப்பதற்கு 0.26. சாக்கெட்டும் சகாக்களும் 2022இல் செய்த மறுகணக்கீட்டில் வேலை மாதிரி 0.33க்கு இறங்கியது, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் நேர்காணல் 0.42 என்று முன்னால் வந்தது. இவை ஊழியர் தேர்வுக்கான எண்கள். கூட்டாளிக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் எந்த ஒரு முறையும் தனியாகப் போதாது என்பது தெரிகிறது. விசாரியுங்கள், வேலையும் செய்து பாருங்கள்.

செய்து பார்ப்பதற்கு, நிஜமான வாடிக்கையாளர் ஒருவரின் வேலை ஒன்றை, நான்கு முதல் ஆறு வாரத்தில் முடியக்கூடியதை, இருவரும் சேர்ந்து எடுங்கள். இரண்டு வாரத்தில் எல்லோருமே நல்லவர்கள். களைப்பும் அவசரமும் வர நான்கு வாரமாவது வேண்டும். ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: யார் எதைச் செய்வது, செலவை முதலில் யார் போடுவது, வரும் பணத்தை எந்த நாளில் எப்படிப் பிரிப்பது, நடுவில் ஒருவர் விலகினால் செய்து முடித்த வேலை யாருக்கு.

கவனிக்க வேண்டியவை: கெட்ட செய்தியை எத்தனை நாள் கழித்துச் சொல்கிறார். கெடு தவறும் என்று முன்கூட்டியே சொல்கிறாரா, தவறிய பிறகா. வாடிக்கையாளர் முன்னால் உங்கள் பங்கைச் சொல்கிறாரா, விழுங்குகிறாரா. சிறிய செலவுக்கும் ரசீது வைக்கிறாரா. கருத்து வேறுபாடு வந்தால் மறுநாள் அதைப் பற்றிப் பேச முடிகிறதா. வாரக் கடைசியில் ஐந்து நிமிடம் ஒதுக்கி நடந்ததைத் தேதியோடு குறித்துவையுங்கள். முடிவில் பணம் நன்றாக வந்துவிட்டால் நடுவில் நடந்தவை மறந்துபோகும். அவரையும் உங்களைப் பற்றி அப்படியே குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

சரிவராது என்று தெரிந்தால், அறிமுகம் செய்தவரிடம் நீங்களே முதலில் போய்ச் சொல்லிவிடுங்கள்: ‘ஒரு வேலை சேர்ந்து செய்தோம், கணக்கைப் பிரித்துக்கொண்டோம், கூட்டுத்தொழில் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.’ குறைகளைப் பட்டியல் போட வேண்டாம். கேட்டால் மட்டும் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.